பழந்துப்பாக்கி பகரும் சரித்திரம்

பழைய பொருள்களைப் போற்றிக் காத்தல் மக்களுக்கு இயல்பாக அமைந்த ஒரு குணமாகும். சொந்த ஊரை விட்டுப் பல நூறு மைல் கடந்து வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் இவ்வுண்மையை எளிதிற் காணலாம். பாட்டியின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிய பித்தளைக் குடம் ஒன்று சமையலறையின் மூலையில் இருக்கும். அதன் பக்கம் நசுங்கியிருக்கும், அடி தேய்ந்திருக்கும். ஆயினும் வீடு மாறும்போதெல்லாம் அதுவும் நம்முடன் வருகிறது. பழைய பாத்திரம் வாங்குபவரிடம் அதை எடைக்குப் போட மனம் துணிவதில்லை. அக்குடம் யாருடையது, எந்தச் சீர்வரிசையில் வந்தது என்பதை அதிலுள்ள எழுத்துக்கள் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன அன்றோ?

போர்க்கருவிகளையும் இவ்வாறே தேடித் திரட்டிக் காப்போர் உலகில் உளர். அவர்களுள், அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரின் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் மிகப் பலர். அத்துப்பாக்கிகளை அவர்கள் எங்ஙனம் ஆராய்கின்றனர், எக்காரணத்தால் ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றொன்றைத் தாழ்ந்ததென்றும் மதிக்கின்றனர் என்பவற்றை இக்கட்டுரையிற் காண்போம். கடல் கடந்த நாட்டின் கதை நமக்கு எதற்கு எனச் சிலர் எண்ணலாம். அப்போரில் இரு தரப்பாரும் ஏந்திய துப்பாக்கிகளுள் ஒன்று நம் பாரத நாட்டின் சரித்திரத்திலும் இடம்பெற்றதாகும். அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

போரும் கருவியும்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தித் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பால் நடைபெற்றுவந்தன. 1860-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு அடிமைகளாக இருந்தோர் ஏறத்தாழ 40 லட்சம் பேர். அவ்வாண்டு நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றதும், அடிமை முறைக்கு இறுதி வந்தது எனக் கருதிய தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து தனிக் கூட்டரசு ஒன்றை நிறுவின. 1861 ஏப்ரல் 12-ஆம் நாள் சம்ட்டர் கோட்டையின்மீது தென்படையினர் பீரங்கி தொடுக்கவே போர் மூண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1865 ஏப்ரல் 9-ஆம் நாள், தென்படைத் தலைவர் ராபர்ட் லீ சரணடைந்தார். போரில் மாண்டோர் 6,20,000 பேர் என்பது நெடுங்காலமாகக் கூறப்படும் கணக்கு. பிற்கால ஆராய்ச்சியாளர் இத்தொகை இன்னும் கூடுதல் என்பர். அவ்வாண்டு டிசம்பரில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இப்போரில் இத்துணை உயிர்கள் அழிந்தமைக்கு நோயும் பசியும் பெருங்காரணங்கள். எனினும் போர்க்களத்து அழிவிற்குப் புதுவகைத் துப்பாக்கியும் ஒரு காரணமாயிற்று. அதற்கு முன் படைவீரர் ஏந்திய துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழுப்பாக இருக்கும். அதிலிருந்து புறப்படும் உருண்டைக் குண்டு 100 கெஜத்திற்கு அப்பால் குறி தவறும். குழலின் உட்புறத்தே சுழல்வரிப் பள்ளங்கள் வெட்டினால் குண்டு சுழன்று நேராகச் செல்லும் என்பதைப் பலரும் அறிந்திருந்தனர். ஆனால் பள்ளங்களில் இறுகப் பொருந்தும் குண்டை வாய்ப்புறமாக இடித்து இறக்குவதற்குப் பெரும்பொழுது பிடிக்கும். பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே என்பவர் 1840-களின் இறுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் அமைத்த குண்டு நீண்டு கூர்மையாகவும், அடியிற் குழிவாகவும் இருந்தது. குழலைவிடச் சற்றே சிறுத்த அளவினதாதலின் எளிதாக உள்ளே இறங்கும். வெடிமருந்து பற்றியவுடன் அதன் ஆவி குழிவான அடியை விரிக்க, அது பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளிப்படும். பழகிய வீரன் ஒரு நிமிஷத்தில் மூன்று முறை சுடலாம். பல நூறு கெஜத்திற்கு அப்பால் நிற்பவனையும் வீழ்த்தலாம்.

வட மாநிலப் படையினர் கையில் மிகுதியாக இருந்தது 1861-ஆம் ஆண்டு மாதிரி எனப்படும் ஸ்பிரிங்பீல்டு ரைபிள். அதன் நீளம் 56 அங்குலம். குழல் மாத்திரம் 40 அங்குலம். குழலின் உள்விட்டம் 0.58 அங்குலம், எடை ஏறத்தாழ 9 பவுண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த அரசாங்க ஆயுதச்சாலையில் போர்க்காலத்தில் ஏறத்தாழ 8 லட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. அவற்றின் உறுப்புக்கள் இயந்திரத்தால் ஒரே அளவாகக் கடையப்பட்டவை. ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற் பொருந்தும். அரசாங்க ஆயுதச்சாலை மற்றொன்று விர்ஜீனியாவைச் சேர்ந்த ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் இருந்தது. 1861 ஏப்ரல் 18-ஆம் நாள் இரவு, பகைவர் கையிற் சிக்காதிருக்க வேண்டி அதனைக் காத்துநின்ற வட படையினரே அதற்குத் தீ வைத்துவிட்டுச் சென்றனர். ஆயினும் இயந்திரங்கள் பல தப்பின. தென்னரசார் அவற்றைப் பெயர்த்து ரிச்மண்டுக்கும் பேயட்வில்லுக்கும் கொண்டுசென்று தம் படைக்குத் துப்பாக்கி செய்யலாயினர்.

மீரட்டும் அமெரிக்காவும்

போர் தொடங்கியபோது இரு தரப்பிலும் போதிய துப்பாக்கிகள் இல்லை. ஆகவே இருவருடைய முகவர்களும் ஐரோப்பியச் சந்தைகளில் போட்டியிட்டு வாங்கினர். ஆஸ்திரியாவின் லாரன்ஸ் ரைபிள்கள் பல வந்தன. அவற்றினும் மிகுதியாக வந்தது இங்கிலாந்தின் 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிள். இரு தரப்பாரும் வாங்கியவை சுமார் 9 லட்சம் எனக் கணக்கிட்டுள்ளனர்.

என்பீல்டு என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு 1857 நினைவு வரும். அவ்வாண்டுத் தொடக்கத்தில் இந்தியச் சிப்பாய்களுக்குப் பயிற்சி அளிக்கக் கல்கத்தாவை அடுத்த தம்தம், பஞ்சாபின் அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வழங்க முற்பட்டது இத்துப்பாக்கியே. இதன் தோட்டா காகிதத்தாற் சுற்றப்பட்டது. பல்லாற் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலிற் கொட்ட வேண்டும். காகிதத்தின்மீது தடவிய கொழுப்பு பசுவுக்கும் பன்றிக்கும் உரியது என்ற செய்தி பாளையங்களிற் பரவியது. மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரை வீரர்கள் 1857 மே 9-ஆம் நாள் விலங்கிடப்பட்டனர். மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின், அதே மாதிரித் துப்பாக்கியை ஏந்தி, அதே போலக் காகிதத் தோட்டாவைக் கடித்துக் கிழித்துக்கொண்டு, அமெரிக்க உழவரின் புதல்வர் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தினர். முன்பல் இல்லாதவன் தோட்டாவைக் கடிக்க இயலாதென அங்கே படையிற் சேர்க்கப்படவில்லை. ஒரே கருவி ஒரு நாட்டில் அந்நியராட்சியை அசைத்தது. மற்றொரு நாட்டில் அண்ணன் தம்பியரிடையே புகுந்தது.

அமெரிக்கா சென்ற என்பீல்டுகளுட் பெரும்பாலானவை என்பீல்டு நகரத்து அரசாங்கச் சாலையில் உருவாகியவை அல்ல. பர்மிங்ஹாம், லண்டன் ஆகிய நகரங்களின் சிறு பட்டறைகளில் கைத்தொழிலாளர் அரத்தால் இழைத்துப் பொருத்தியவை. ஆதலின் ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற் சேராது. உறுப்புக்கள் கலந்துவிடாதிருக்க ஒரு துப்பாக்கியின் சிறு உறுப்புக்கள்தோறும் ஒரே எண்ணிக்கையில் அரத்தாற் கீறி அடையாளம் இட்டனர். அன்று பட்டறையாளர் தம் வசதிக்காகக் கீறிய அக்கோடுகள் இன்று ஆராய்ச்சியாளர்க்கு உதவுகின்றன. கீறல்கள் ஒத்திருப்பின் உறுப்புக்கள் அனைத்தும் பிறப்பிலேயே ஒன்றுசேர்ந்தவை எனத் துணியலாம்.

போருக்குப் பின் நேர்ந்தது

போர் முடிந்ததும் லட்சக்கணக்கான துப்பாக்கிகள் எஞ்சின. வீடு திரும்பும் வட படைவீரன் விரும்பினால் தன் துப்பாக்கியை 6 டாலர் கொடுத்து எடுத்துச் செல்லலாம் என 1865-இல் அரசாங்கம் ஆணையிட்டது. அவ்வாறு ஊர் சென்றவை பல. உழவர் குழலைக் குறுக்கி, உள்வரிகளைக் கடைந்து நீக்கி, பறவை சுடும் சிறுகுண்டுத் துப்பாக்கியாக ஆக்கிக்கொண்டனர். அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 1865-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்லாயிரம் ஸ்பிரிங்பீல்டுகளின் குழலைப் பின்புறம் வெட்டிக் கதவு பொருத்தி, பின்னால் தோட்டா இடும் புதுவகையாக மாற்றியது. எஞ்சியவற்றை ஏலத்தில் விற்றது. நியூயார்க்கைச் சேர்ந்த பிரான்சிஸ் பானர்மன் என்னும் வணிகர் இத்தகைய படைப்பொருள்களை மலைமலையாக வாங்கிக் குவித்தார். அவற்றை வைக்க இடம் போதாமையால் 1900-இல் ஹட்சன் ஆற்றின் நடுவே ஒரு தீவை வாங்கிக் கோட்டை போன்ற கிடங்கு கட்டினார். கழித்த உறுப்புக்களைக் கொண்டு புதிதாகத் துப்பாக்கி கூட்டி விற்பதும் அக்கடையின் வழக்கம். அவை பழைய உறுப்புக்களால் ஆனவையே எனினும் போர்க்களம் கண்டவை ஆகா.

இவ்வாறு குறைக்கப்பட்டும், மாற்றப்பட்டும், கலக்கப்பட்டும் போனவை போக, 1865-இல் இருந்தபடியே நமக்குக் கிட்டும் துப்பாக்கி அரிது. அந்த அரிய ஒன்றைப் பலவற்றினிடையே கண்டுகொள்வதே சேகரிப்போரின் கலையாகும்.

மதிப்பிடும் முறை

முதற்கண் செய்ய வேண்டுவது குழலில் மருந்து உள்ளதா எனப் பார்த்தல். வாய்ப்புறம் இடும் துப்பாக்கி நூற்றைம்பது ஆண்டு கடந்தும் நிரப்பிய நிலையில் இருக்கக்கூடும். கருமருந்து ஈரம் படாதிருப்பின் இன்றும் வெடிக்கும். இடிகோலைக் குழலினுள் விட்டு, அது இறங்கும் ஆழத்தை வெளிப்புறத்தே வைத்து அளந்தால், அடிவரை செல்கிறதா என்பது விளங்கும். செல்லாவிடின் அறிந்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். கிராமத்துப் பழைய வீடுகளின் பரணில் இத்தகைய துப்பாக்கி காணப்படின் குழந்தைகள் கையிற் படாமல் வைத்து, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி செய்ய வேண்டுவதை அறிந்து நடத்தல் நம்மவர்க்கும் கடமை.

அடுத்துப் பார்ப்பது முத்திரைகள். ஸ்பிரிங்பீல்டின் பூட்டுத் தகட்டில் கழுகு உருவமும், ஊர்ப் பெயரும், ஆண்டும் இருக்கும். குழலின் அடியில் சோதனையிற் தேறியதற்கு அறிகுறியாக வி, பி என்னும் ஆங்கில எழுத்துக்களும் கழுகுத் தலையும் பொறித்திருக்கும். கட்டையின் இடப்புறத்தில் முட்டை வடிவக் கோட்டினுள் சோதனையாளரின் தலைப்பெழுத்துக்கள் அழுந்தியிருக்கும். மரத்தில் பதிந்த இவ்வடையாளமே முதலில் அழியக்கூடியது. உப்புத்தாள் கொண்டு ஒருமுறை தேய்த்தாற் போதும், மறைந்துவிடும். ஆகவே அது தெளிவாக நிற்கும் துப்பாக்கியைக் கண்டால் அதன் கட்டை பிறர் கைபடாதது என உணரலாம்.

மூன்றாவது, தேய்மானம் முறையாக உள்ளதா என்பது. சுடும்போதெல்லாம் சுத்தியல் ஒரு கேப்பின்மீது விழுகிறது. தீபாவளியன்று நம் சிறுவர் வெடிக்கும் கேப்பின் இனத்தைச் சேர்ந்ததே அது. செம்பாலான சிறு குல்லாய் போன்றிருக்கும். அது வெடிக்கும்போது தெறிக்கும் பொறியால் அருகிலுள்ள இரும்பு குழிபடும். மரம் கருகித் தேயும். பல களம் கண்ட துப்பாக்கியில் இவ்வடு நிச்சயம் இருக்கும். குழலில் துரு மிகுந்திருந்து இவ்விடம் மாத்திரம் புதுமையாக இருந்தாலும், இவ்விடம் குழிந்திருந்து திருகாணிகள் மாத்திரம் பளபளத்தாலும், ஏதோ ஓர் உறுப்பு இடையே வந்து சேர்ந்தது என ஐயுறல் வேண்டும்.

நிலையின் தரத்தைக் குறிக்க அமெரிக்கச் சேகரிப்போர் வரையறுத்த சொற்கள் வழங்குகின்றனர். உறுப்பனைத்தும் பிறப்பிலிருந்தவையாய், முதல் மெருகில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் எஞ்சியிருப்பின் அது தலைசிறந்தது. 30 பங்குக்கு மேல் எஞ்சியிருப்பின் சிறந்தது. மெருகு அதனினும் குறைந்தோ முற்றும் போயோ இருப்பினும், உறுப்பனைத்தும் பழையனவாகவே நின்றால் அது மிக நல்லது என்னும் வரிசையிற் சேரும். சிறு உறுப்புக்கள் மாற்றப்பட்டதும், மீண்டும் மெருகேற்றப்பட்டதும் அதற்குக் கீழே, நல்லது என்னும் வரிசையையே பெறும். பெரிய உறுப்புக்கள் மாறியவை இன்னும் தாழ்ந்தவை.

இவ்வரிசையை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மங்கிப் பழுப்பேறிய துப்பாக்கி ஒன்று, புதிதுபோல் மின்னும் மற்றொன்றினும் மேலாக மதிக்கப்படுகிறது. நம் இல்லத்தரசியர் புளியிட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கைப் பொன்போல் ஆக்குவது அழகே. நாள்தோறும் புழங்கும் பொருளுக்கு அது தகும். ஆனால் சரித்திரச் சான்றாக நிற்கும் பொருளை அவ்வாறு தேய்த்தால், அழுக்குடன் எழுத்தும் போய்விடும். அன்பினால் தேய்த்தவரே சான்றை அழித்தவர் ஆவர். ஸ்பிரிங்பீல்டு ரைபிள்கள் தொடக்கத்தில் வெள்ளெனத் தீட்டிய இரும்பாகவே படைக்கு வந்தன என்பது மெய். என்பீல்டின் குழலோ நீலமெருகிட்டது. ஆயின் இத்தனை ஆண்டுகள் கழிந்தபின் இயல்பாக ஏறிய பழுப்பு, தன்னைப் பிறர் தொடவில்லை என்பதற்குத் தானே சான்றாகிறது.

பொய்யும் மெய்யும்

விலை ஏறும் இடத்தில் வஞ்சகமும் ஏறும். தென்னரசு வாங்கிய என்பீல்டுகளுட் சிலவற்றில் விசைக்காப்பின் பின்னே மரத்தில், ஜே, எஸ் என்னும் ஆங்கில எழுத்துக்களும் அவற்றின்கீழ் ஒரு நங்கூரமும் பொறித்திருக்கும். அது தென்னரசுக்காகச் சோதித்து ஏற்றவர் இட்ட முத்திரை. தென்படைத் துப்பாக்கிகள் எண்ணிற் குறைந்தவை. எஞ்சியவை இன்னும் குறைவு. ஆதலின் அச்சிறு முத்திரை இருப்பின் விலை பன்மடங்கு உயரும். இதனை அறிந்த சிலர் போலி முத்திரை செய்து குத்துகின்றனர். பழைய மரத்தில் அன்று குத்திய பள்ளத்தினுள்ளும் அழுக்கும் எண்ணெயும் ஒருபடித்தாக ஊறியிருக்கும். புதுக்குத்தலில் நார் அறுந்த வெளுப்புத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். தென்படைத் துப்பாக்கிக்கு விலை மிகுதி என்பதனால் அப்படை ஏற்ற கொள்கையும் உயர்ந்தது எனக் கருதலாகாது. சந்தை விலை அருமையை அளப்பது; பெருமையை அளப்பதன்று.

ரிச்மண்டிற் செய்த துப்பாக்கியைப் போலியாக்குதல் இத்துணை எளிதன்று. ஹார்ப்பர்ஸ் பெர்ரியிலிருந்து சென்ற அச்சுக்கள் 1855-ஆம் ஆண்டு மாதிரிக்கு உரியவை. அம்மாதிரியில் கேப்புக்குப் பதிலாகக் காகித நாடா இயங்கும் அமைப்பு ஒன்று இருந்தது. அதற்கு இடமளிக்கப் பூட்டுத் தகட்டின் மேல்விளிம்பு புடைத்திருக்கும். ரிச்மண்டுத் தொழிலாளர் அவ்வமைப்பைக் கைவிட்டும், அச்சு அதுவே ஆதலின் புடைப்பு மாத்திரம் தங்கிவிட்டது. ஸ்பிரிங்பீல்டுத் தகட்டில் ரிச்மண்டின் பெயரைக் குத்தி ஏமாற்ற நினைப்பவன் இல்லாத புடைப்பை எங்கிருந்து கொணர்வான்? வறுமையால் நேர்ந்த அடையாளமே மெய்க்குக் காவலாயிற்று.

முழுத் துப்பாக்கியையே புதிதாகச் செய்வோரும் உண்டு. போரின் நூற்றாண்டு நினைவையொட்டி 1950-களின் இறுதி முதல், இத்தாலியின் கார்டோனே என்னும் ஊரிலுள்ள தொழிலாளர் அக்காலத் துப்பாக்கிகளின் பிரதிகளைச் செய்துவருகின்றனர். போர்க்காட்சிகளை நடித்துக் காட்டுவோர் அவற்றை வாங்குவர். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. இத்தாலிய முத்திரைகளை அராவி நீக்கி, அமிலத்தாற் துருவேற்றி, பழையதென விற்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

நம் அண்டை நாடும் இக்கதையில் வந்து சேர்கிறது. நேபாள மன்னர்களின் ஆயுதச்சாலையில் என்பீல்டுகளும், அவற்றைப் பார்த்து அந்நாட்டார் தாமே செய்தவையும் குவிந்துகிடந்தன. 2003-இல் அமெரிக்க வணிகர் அப்பழந்துப்பாக்கிகளைப் பல்லாயிரக்கணக்கில் வாங்கிச் சென்றனர். நேபாளத்துப் பொருள் என்றே அவற்றை விற்றனர். ஆனால் கைமாறிக் கைமாறிச் செல்லும்போது அவற்றுட் சில அமெரிக்கப் போரில் ஈடுபட்டவை என்ற கதையையும் ஒட்டிக்கொள்ளக் கூடும். அவற்றின்மீது நாகரி எண்களும் எழுத்துக்களும் பொறித்திருக்கும். அமெரிக்கர் ஒருவருக்குப் பொருள் விளங்காத அக்கீறல்களை, வடநாட்டுப் பள்ளியில் இந்தி பயிலும் நம் வீட்டுச் சிறுவன் ஒரு கணத்தில் படித்துவிடுவான்!

பொய்யினும் நுட்பமானதொரு தீங்கும் உண்டு. 1816-ஆம் ஆண்டு மாதிரி போன்ற சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கிகள் பல, போருக்கு முன் கேப்பு முறைக்கு மாற்றப்பட்டு, போரின் தொடக்கத்தில் வறிய படைகளின் கைகளில் இருந்தன. பிற்காலத்தில் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு விலை கூடவே, சிலர் அவற்றை மீண்டும் பழைய வடிவிற்கே திருப்பினர். உள்நாட்டுப் போரில் அது ஆற்றிய பணிக்கு அம்மாற்றமே சான்று. அதனை நீக்கியபோது அத்துப்பாக்கியின் வாழ்வில் ஒரு பகுதி கிழித்தெறியப்பட்டது.

கதைகளைப் பற்றியும் ஒரு சொல். இன்ன களத்தில் இன்ன தளபதியின் கையில் இருந்தது எனப் பல துப்பாக்கிகளுடன் கதைகள் வருகின்றன. 1861-ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்பீல்டுகளுக்குத் தொடர் எண் கிடையாது. ஆகவே இன்ன துப்பாக்கி இன்னாருக்கு வழங்கப்பட்டது என அரசாங்க ஏட்டைக் காட்டி மெய்ப்பிக்க இயலாது. ஷார்ப்ஸ், ஸ்பென்சர் ஆகிய துப்பாக்கிகளுக்கு எண் உண்டு. அவற்றுட் சிலவற்றை மாத்திரம் படைப் பதிவேடுகளால் அறியலாம். கட்டையில் ஒரு வீரன் பெயரைக் கத்தியாற் செதுக்கியிருந்தால், வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்பெயரினன் சேவை ஏட்டைத் தேடலாம். பெயர் கிடைத்தாலும், செதுக்கியவன் அவனேயா என்பதை எழுத்தின் தேய்வும் பழுப்பும் கொண்டே துணிய வேண்டும். கருவிக்கு விலை கொடுக்கலாம், கதைக்கு விலை கொடுக்கலாகாது என்பது அச்சேகரிப்போரிடையே வழங்கும் அறிவுரை.

கெட்டிஸ்பர்க் காட்டும் உண்மை

தொட்டு மாற்றாத துப்பாக்கி எத்தகைய உண்மையைச் சொல்ல வல்லது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறி இக்கட்டுரையை முடிப்போம்.

1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூரில் இப்போரின் மிகப் பெரிய சண்டை நடந்தது. மாண்டோரும் புண்பட்டோரும் காணாமற் போனோருமாக இரு தரப்பிலும் ஏறத்தாழ 51,000 பேர். சண்டை ஓய்ந்தபின் களத்திற் கிடந்த துப்பாக்கிகளை வட படையினர் பொறுக்கிச் சேர்த்துச் சோதித்தனர். அவை 27,574. அவற்றுள் சுமார் 24,000 துப்பாக்கிகள் சுடப்படாமல் நிரப்பிய நிலையிலேயே இருந்தன. அந்த 24,000-இல் ஏறத்தாழப் பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தோட்டாக்கள். சுமார் 6,000 துப்பாக்கிகளில் மூன்று முதல் பத்து வரை. ஒன்றில் மட்டும் 23 தோட்டாக்கள் அடுக்கி இடித்திருந்தன.

அதை ஏந்தியவன் யாரென யாரும் அறியார். கேப்பை அணிய மறந்து விசையை இழுத்தானோ? நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளின் முழக்கத்தில் தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதே அவனுக்குத் தெரியாமற் போயிற்றோ? அச்சத்தால் மதி மயங்கிக் கைகள் மாத்திரம் இயந்திரம்போல் இயங்கினவோ? அன்றி, எதிரில் நின்ற மனிதனைச் சுட மனம் ஒருப்படாமல், அதிகாரியின் கண்ணுக்குச் சுடுவதுபோல் நடித்தானோ? இந்நான்கிற்கும் சான்றுரைக்கும் அறிஞர் உளர். தளபதிகள் தம் வெற்றிகளை ஏடேடாக எழுதிவைத்தனர். இவன் எழுதவில்லை. இவன் நெஞ்சு பட்டபாட்டை அக்குழலே காத்து வைத்திருந்தது. சோதித்தவர் குழல்களை வெறுமனே துடைத்துக் கிடங்கிற்கு அனுப்பியிருந்தால் அதுவும் மறைந்திருக்கும். அவர்கள் எண்ணினர், எழுதிவைத்தனர், அதனால் நாம் அறிந்தோம்.

ஸ்பிரிங்பீல்டு ஆயுதச்சாலை 1968-இல் மூடப்பட்டது. இன்று அது பொதுமக்கள் காணும் சரித்திர நிலையமாக விளங்குகிறது. ஜார்ஜியாவின் சிக்கமாகாப் போர்க்களத்தில், புல்லர் தம்பதியர் வாழ்நாளெல்லாம் சேர்த்து நாட்டுக்கு ஈந்த நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. உயிரைக் கொல்லப் பிறந்த கருவிகள் அங்கே உயிரற்று நின்று, கொன்றவரையும் மாண்டவரையும் பற்றிப் பேசுகின்றன. அப்பேச்சைக் கேட்க வேண்டின் அவற்றை உள்ளபடி வைத்திருத்தல் வேண்டும். குறையை மறைத்தலும், இல்லாத சிறப்பை ஏற்றலும் அவற்றின் வாயை மூடுவதாகும்.

நம் இல்லத்துப் பித்தளைக் குடத்திற்கும் இது பொருந்தும். நசுங்கிய பக்கத்தைத் தட்டி நிமிர்த்தும்போது பெயர் வெட்டிய இடத்தைத் தவிர்ப்போம். அது யாருடையது, எவ்வூரில் இருந்தது, எப்போது நம்மிடம் வந்தது என்பனவற்றைப் பெரியோர் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனுள் இட்டுவைப்போம். தெரிந்ததை மாத்திரம் எழுதுவோம். வேற்றூரிற் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் ஒருநாள் அத்தாளை எடுத்துப் படிப்பார்கள்.